மால்வேர் ஸ்கேன் பதிவை நிரலில் எப்படி அமைப்பது?

உங்கள் கேள்வி இது: சில நூறு கிளவுட் சர்வர்கள், தினமும் இரவில் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) ஸ்கேன். சர்வர் டேபிளில் ‘தொற்று_உண்டா’ என்று ஒரு பூலியனும் (ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட புலம்) ‘கடைசி_ஸ்கேன்’ என்று ஒரு தேதியும் இருக்கின்றன. இப்போது இரண்டாவது ஸ்கேனர் ஒன்று வருகிறது, கிளவுட் நிறுவனமே நடத்தும் ஸ்கேனும் சேர்கிறது. எந்த வகைகள், எந்த டேபிள்கள் வைத்தால் இது தாங்கும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தப் பூலியனை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை மற்ற எந்த மாற்றமும் பலன் தராது.

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இதே அமைப்புதான் இருந்தது. ஸ்கேன் தொடங்கும்போதே தேதியை எழுதிவிடுவோம், தொற்று தெரிந்தால் மட்டும் பூலியனை மாற்றுவோம். ஒரு சர்வரில் நினைவகம் போதாமல் ஸ்கேனரை இயங்குதளமே பாதியில் கொன்றுகொண்டிருந்தது. தேதி தினமும் புதிதாக மாறியது. பூலியன் ‘இல்லை’ என்றே நின்றது. டாஷ்போர்டில் 11 நாட்கள் பச்சை. அந்த சர்வரிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்கைப் பார்த்த வேறொரு குழுதான் கடைசியில் கண்டுபிடித்தது. அந்த நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நிரலில் ஒரு வரியும் தவறாக ஓடவில்லை. தரவின் வடிவத்திலேயே ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுத இடமில்லாமல் போனதுதான் காரணம்.

‘தொற்று உண்டு’ என்பதும் ‘தொற்று இல்லை’ என்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் போலத் தோன்றும். அவற்றை நிரூபிக்கத் தேவையான சான்றோ அளவில் வேறு. உண்டு என்று சொல்ல ஒரு கோப்பு போதும். ஸ்கேன் அடுத்த நொடியே செத்துப்போனாலும் கண்டது கண்டதுதான். இல்லை என்று சொல்லவோ எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும், எந்தக் கருவியால் பார்த்தோம், எப்போது பார்த்தோம், எதை விட்டோம் என்பதும் கூடவே தெரிய வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஏற்றத்தாழ்வைத் தரவில் பிடித்துவைக்கும் முயற்சிதான்.

கருவிகளை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திறமூல ஸ்கேனரான கிளாம்ஏவியின் கட்டளை முடியும்போது தரும் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் எதுவும் சிக்கவில்லை, 1 என்றால் சிக்கியது, 2 என்றால் பிழை. மூன்று விடைகள். அதை வாங்கும் நம் நிரல் ‘1ஆ, இல்லையா’ என்று மட்டும் கேட்டால், 2 வரும் நாளில் பிழை சுத்தமாக மாறிவிடுகிறது. அமேசான் கிளவுடின் பாதுகாப்புச் சேவையான கார்டுடியூட்டி, சர்வர் ஸ்கேன்களைப் பட்டியலிட்டுத் தரும்போது நிலைக்கு ஒரு புலம், முடிவுக்கு வேறொரு புலம் வைத்திருக்கிறது. நிலை என்பது ஓடுகிறது, முடிந்தது, தோற்றது, தவிர்க்கப்பட்டது போன்றவற்றில் ஒன்று. சுத்தம், தொற்று என்ற முடிவு அதிலிருந்து தனி. 2024இல் அதே சேவை எஸ்3 என்ற சேமிப்பகத்தின் கோப்புகளுக்கு ஸ்கேன் கொண்டுவந்தபோது ‘சுத்தம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘அச்சுறுத்தல் காணப்படவில்லை’ என்று முடிவுக்குப் பெயர் வைத்தார்கள். கூடவே ‘ஆதரவில்லாத கோப்பு’, ‘அனுமதி மறுப்பு’, ‘தோல்வி’ ஆகியவற்றுக்கும் தனித்தனி மதிப்புகள். பெயர் வைப்பதில் இந்த அக்கறை உங்கள் நிரலிலும் இருக்கட்டும். ‘சுத்தம்’ என்று புலத்துக்குப் பெயர் வைத்தால், ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவர் சுத்தம் என்றே நம்புவார்.

இனி வடிவம். எந்த மொழியில் எழுதினாலும் சாரம் ஒன்றுதான், அதனால் பொதுவாகவே எழுதுகிறேன்.

    வகை ஸ்கேன்_பதிவு
        எண்        : பதிவு_எண்
        மூலம்       : சேவையின்_பெயர், அந்தச்_சேவை_தந்த_ஸ்கேன்_எண்
        இலக்கு      : இலக்கு
        கருவி       : கருவி
        நேரங்கள்    : நேரங்கள்
        போக்கு      : போக்கு
        பரப்பு       : பரப்பு
        கண்டவை   : கண்டது என்பதன் பட்டியல்
        வந்தபடி      : மாற்றப்படாத மூல ஜேசன் (சேவைகள் தரவை அனுப்பும் எழுத்து வடிவம்)

இதில் ‘தொற்று’ என்ற புலமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தீர்ப்பு என்பது மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதைச் சேமித்தால், காரணம் மாறியும் தீர்ப்பு மாறாமல் நிற்கும் ஒரு நாள் வரும்.

ஸ்கேன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லும் போக்கிலிருந்து தொடங்குகிறேன்.

    வகை போக்கு, இவற்றில் ஒன்று
        வரிசையில்
        ஓடுகிறது            (கடைசித் துடிப்பு)
        முடிந்தது
        தோற்றது            (எந்தக் கட்டத்தில், காரணம்)
        தவிர்க்கப்பட்டது    (காரணம்)
        அறியாத_நிலை     (வந்த சொல் அப்படியே)

ரஸ்டின் எனம் (enum), கோட்லினின் சீல்டு கிளாஸ், ஜாவா 17இன் சீல்டு இன்டர்ஃபேஸ், டைப்ஸ்கிரிப்டில் அடையாளப் புலம் வைத்த யூனியன் ஆகியவை இதற்கு நேரடியாகப் பொருந்தும். தோற்ற ஸ்கேனுக்கு மட்டுமே காரணம் உண்டு, ஓடும் ஸ்கேனுக்கு மட்டுமே துடிப்பு உண்டு என்பதைக் கம்பைலரே காவல் காக்கும். புதிய நிலை ஒன்றைச் சேர்த்தால் அதைக் கையாளாத ஒவ்வொரு இடத்தையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

கோ மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே மதிப்பு கொடுக்காத புலம் தானாகவே 0 ஆகிவிடும். நிலைகளை 0, 1, 2 என்று எண்ணி, முதல் இடத்தில் ‘காணப்படவில்லை’ என்று வைத்தீர்களானால், யாரோ நிரப்ப மறந்த ஒவ்வொரு பதிவும் நல்ல செய்தியாகிவிடும். சேவைகளுக்கிடையே தரவை அனுப்பும் கூகுளின் புரோட்டோபஃப் 3 வடிவிலும் இதே ஆபத்து. வராத எனம் புலம் 0ஆகவே படிக்கப்படும். அதனால்தான் 0க்கு ‘குறிப்பிடப்படவில்லை’ என்ற மதிப்பை வைக்கச் சொல்கிறது அதன் எழுத்துநடை வழிகாட்டி. இந்த ஒரு விதியை மட்டும் எங்கும் தளர்த்த வேண்டாம்: எதுவும் எழுதாமல் விட்டால் கிடைக்கும் மதிப்பு, ‘தெரியாது’ என்பதாகவே இருக்க வேண்டும்.

‘அறியாத_நிலை’ ஏன்? வெளிச் சேவை நாளைக்கே ஒரு புதிய சொல்லை அனுப்பலாம். அப்போது நிரல் பிழை எறிந்து பதிவையே கைவிட்டால் தரவு போயிற்று. தெரிந்த ஏதோ ஒரு நிலைக்குள் திணித்தால் பொய்ப் பதிவு. வந்த சொல்லை அப்படியே பிடித்துவைத்து, தீர்ப்பு கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்லி, எச்சரிக்கை ஒன்றை அனுப்புங்கள்.

துடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேனர் செத்துப்போனால் ‘நான் செத்துவிட்டேன்’ என்று எழுத யாரும் இருக்க மாட்டார்கள். ஓடும் ஸ்கேன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நேரத்தைப் புதுப்பிக்கட்டும். அது நின்றுபோன பதிவுகளைத் தேடித் ‘தோற்றது’ ஆக்க ஒரு சிறு வேலை தனியாக ஓடட்டும்.

அடுத்தது இலக்கு. இங்கேதான் கிளவுட் சர்வர், அறையில் நிற்கும் சர்வரிலிருந்து பிரிகிறது. ஹோஸ்ட் பெயரையோ ஐபி முகவரியையோ அடையாளமாக வைக்காதீர்கள். தானாக விரிந்து சுருங்கும் குழுவில் ஒரு சர்வர் மதியம் பிறந்து மாலையில் அழிந்துவிடும். அதன் ஐபி இரவில் வேறொன்றுக்குப் போய்விடும். பெயரும் அப்படித்தான். கூகுள் கிளவுடில் ஒரு இன்ஸ்டன்ஸை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கலாம். மாறுவது எண் மட்டுமே. அஷ்யூரில் முழு ரிசோர்ஸ் முகவரிகூட அதே பெயரால் திரும்பி வரும், விஎம் அடையாள எண்தான் வேறுபடும்.

    வகை இலக்கு
        வழங்குநர், கணக்கு, பகுதி
        இன்ஸ்டன்ஸ்_எண்   : சரம்
        வால்யூம்_எண்       : சரம்
        ஸ்னாப்ஷாட்_எண்  : சரம், இல்லாமலும் இருக்கலாம்
        அன்றைய_விவரம்   : பெயர், டேக்குகள், எந்த இமேஜிலிருந்து பிறந்தது

எண்களைச் சரமாகவே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூகுளின் இன்ஸ்டன்ஸ் எண் 64 பிட் முழு எண். ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாகத் தாங்கும் முழு எண் 2இன் 53ஆம் அடுக்கு வரைதான், அதாவது 9007199254740992 என்ற 16 இலக்க எண். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். இல்லாத ஒரு சர்வரின் பெயரில் தொற்று பதிவாகும். கூகுளின் ஏபிஐயே அந்த எண்ணை ஜேசனில் சரமாகத்தான் அனுப்புகிறது.

வால்யூம், அதாவது சர்வரில் மாட்டிய டிஸ்க், ஏன் தனியாக? ஸ்கேன் நடப்பது டிஸ்கில். ஒரு சர்வரில் மூன்று டிஸ்க் இருந்து, இரண்டு ஸ்கேன் ஆகி, மூன்றாவது மறையாக்கச் சாவி கிடைக்காமல் தவிர்க்கப்பட்டால், சர்வர் அளவில் ஒரே பதிவு வைத்தால் எதை எழுதுவீர்கள்? வால்யூமுக்கு ஒரு பதிவு, அவற்றைச் சேர்த்துக் கட்ட ஒரு ‘ஸ்கேன் ஓட்டம்’ என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தொற்று டிஸ்கோடு சேர்ந்து பயணிக்கும்.

‘அன்றைய_விவரம்’ என்பதை வேறு டேபிளிலிருந்து இணைத்து எடுக்காமல், ஸ்கேன் நேரத்தில் நகலெடுத்து வையுங்கள். விசாரணை நடக்கும் நாளில் அந்த சர்வர் உயிரோடு இருக்காது. எந்த இமேஜிலிருந்து (சர்வரை உருவாக்கும் அச்சு) பிறந்தது என்பது அப்போது மிக முக்கியமாகிவிடும்: தொற்று இமேஜிலேயே இருந்தால், நீங்கள் அழிக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் பதிலாக அதே தொற்றோடு இன்னொன்று பிறந்துகொண்டிருக்கும்.

நேரங்கள். உங்கள் இப்போதைய டேபிளில் ஒன்று இருக்கிறது. குறைந்தது நான்கு வேண்டும். கேட்ட நேரம், ஸ்கேன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இவற்றோடு டிஸ்கின் உள்ளடக்கம் எந்த நொடிக்கு உரியது என்ற நேரம். கடைசியானதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கார்டுடியூட்டி போன்ற, ஏஜென்ட் (சர்வருக்குள் ஓடும் துணை நிரல்) இல்லாத ஸ்கேன்கள் ஓடும் சர்வரைத் தொடுவதில்லை. வால்யூமின் அந்த நொடி நகலை (ஸ்னாப்ஷாட்) எடுத்து, அதிலிருந்து ஒரு நகல் வால்யூமை உருவாக்கி, அந்த நகலைத்தான் படிக்கின்றன. காலை 10:05க்கு ஸ்னாப்ஷாட், 10:40க்கு ஸ்கேன் தொடக்கம், 11:30க்கு முடிவு என்று வைத்துக்கொள்வோம். 10:20க்கு உள்ளே வந்த கோப்பைப் பற்றி அந்த ஸ்கேனுக்கு ஒன்றுமே தெரியாது. ‘11:30க்கு எதுவும் காணப்படவில்லை’ என்று பதிந்தால் 85 நிமிடங்களுக்குப் பொய் சாட்சி சொல்கிறோம். சர்வருக்குள்ளேயே ஓடும் ஸ்கேனில் ஒரே நொடி என்று ஒன்று கிடையாது; தொடக்கம் முதல் முடிவு வரையிலான இடைவெளியையே பதியுங்கள். எல்லா நேரமும் யுடிசியில், ஆர்எஃப்சி 3339 வடிவில். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

கருவி என்பது ஸ்கேனரின் பெயர் மட்டும் போதாது. எஞ்சினின் பதிப்பு, சிக்னேச்சர் தொகுப்பின் (மால்வேரை அடையாளம் காட்டும் குறிப்புகள்) பதிப்பு, அமைப்புகளின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற மதிப்பு) ஆகிய மூன்றும் தனித்தனியாக வேண்டும். அச்சுறுத்தல் தகவலைப் பகிர்வதற்கான ஸ்டிக்ஸ் 2.1 தரநிலையில் மால்வேர் பகுப்பாய்வுக்கான பொருளிலும் எஞ்சின் பதிப்புக்கு ஒரு புலம், வரையறைத் தொகுப்பின் பதிப்புக்கு வேறொரு புலம் என்றே பிரித்திருக்கிறார்கள். அதன் முடிவுச் சொற்களும் நான்கு: தீங்கானது, சந்தேகத்துக்குரியது, தீங்கற்றது, தெரியாதது. சிக்னேச்சர் பதிப்பு இருந்தால்தான் ஒரு புதிய மால்வேர் வெளிவரும் நாளில், ‘இதை அடையாளம் காணத் தெரியாத பழைய தொகுப்போடு ஸ்கேன் ஆன சர்வர்கள் எவை’ என்று ஒரே வினவலில் எடுக்க முடியும். நேற்று பச்சையாக இருந்தவை எல்லாம் இன்று மறு ஸ்கேனுக்குப் போக வேண்டியவை என்று அப்போதுதான் தெரியும்.

அமைப்புகளின் ஹாஷ் எதற்கு என்பதற்குக் கிளாம்ஏவியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு கோப்பின் அளவு அதன் உச்ச வரம்பைத் தாண்டினால், இயல்பு அமைப்பில் அதைப் படிக்காமல் விட்டு ‘ஓகே’ என்றே எழுதும். இயல்பு வரம்பு முன்பு 25 எம்பி, 0.105 பதிப்பிலிருந்து 100 எம்பி. வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கச் சொல்லும் ஓர் அமைப்பும் உண்டு. அதைப் போட்டால் ‘வரம்பு மீறல்’ என்று ஒரு பெயரில் காட்டும். அந்த அமைப்பு போடப்பட்ட சர்வரும் போடப்படாத சர்வரும் தரும் ‘ஓகே’ இரண்டும் ஒரே எடை உடையவை அல்ல. பதிவைப் பார்த்தே அதைச் சொல்ல முடிய வேண்டும்.

இது பரப்புக்கு, அதாவது ஸ்கேன் எவ்வளவைப் பார்த்தது, எதை விட்டது என்பதற்குக் கொண்டுவிடுகிறது. நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

    வகை பரப்பு
        பார்த்த_கோப்புகள்    : 64 பிட் எண்
        பார்த்த_பைட்டுகள்   : 64 பிட் எண்
        விட்டவை            : காரணம், எத்தனை, எத்தனை பைட்டுகள், சில மாதிரிப் பாதைகள்

    வகை விட்ட_காரணம், இவற்றில் ஒன்று
        கொள்கைப்படி_விலக்கு
        அளவு_மீறல்
        ஆழ_மீறல்
        கடவுச்சொல்_பூட்டு
        அனுமதி_இல்லை
        படிக்கும்போது_பிழை

64 பிட் என்று அழுத்திச் சொல்கிறேன். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் சாதாரண முழு எண் 2147483647 வரைதான் தாங்கும். அது 2 ஜிபி. எந்த டிஸ்கும் இன்று அதைத் தாண்டும்.

காரணங்களில் முதலாவதற்கும் மற்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கொள்கைப்படி விலக்கியது நாமே முடிவெடுத்தது. மற்றவை நமக்கு நேர்ந்தவை. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டிவிட்டால், தரவுத்தளக் கோப்புகளை விலக்கியதால் வந்த பெரிய எண்ணுக்குள், அனுமதி இல்லாமல் விடுபட்ட ஒரு முழு ஹோம் டைரக்டரி மறைந்துவிடும். ஆழ மீறல் என்பது ஆர்கைவுக்குள் ஆர்கைவ் என்று போய்க்கொண்டே இருப்பது. ‘42 ஜிப்’ என்று பெயர் பெற்ற கோப்பு வெறும் 42 கேபிதான். முழுவதும் விரித்தால் 4.5 பெட்டாபைட். எந்த ஸ்கேனரும் ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். நின்றதைச் சொல்லிவிட்டு நிற்கட்டும்.

இப்போது தீர்ப்பு:

    செயல் தீர்ப்பு(பதிவு, கொள்கை)
        கண்டவை காலியாக இல்லையெனில்            → தொற்று
        போக்கு ‘முடிந்தது’ இல்லையெனில்              → தெரியாது
        பரப்பு கொள்கைக்குப் போதாதெனில்            → தெரியாது
        மற்றபடி                                        → காணப்படவில்லை

வரிகளின் வரிசை முக்கியம். ‘கண்டவை’ முதலில் பார்க்கப்படுவதால், பாதியில் தோற்ற ஸ்கேன் கண்டெடுத்த கோப்பு தொலைவதில்லை. பல நிரல்களில் ‘தோற்றது’ என்றவுடன் கண்டவற்றின் பட்டியலையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள், ஸ்கேன் முடியாததால் முடிவும் இல்லை என்று நினைத்து. ஸ்கேனரைத் தொந்தரவு செய்து நிறுத்தத் தெரிந்த மால்வேருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கொள்கையை ஏன் வெளியிலிருந்து கொடுக்கிறேன்? உண்மையான சர்வர் எதிலும் விட்டவை பூஜ்யமாக இருப்பதில்லை. ஒன்றுகூட விடக்கூடாது என்றால் எல்லா சர்வரும் ‘தெரியாது’ ஆகி, சில வாரங்களில் அந்தச் சொல்லை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எவ்வளவு விடலாம் என்பது சர்வரின் வேலையைப் பொறுத்தது: வெளியாட்கள் கோப்பு ஏற்றும் சர்வருக்குக் கடுமையாகவும், உள்ளே கணக்கீடு மட்டும் செய்வதற்குச் சற்றுத் தளர்வாகவும் இருக்கலாம். உண்மைகள் பதிவில், எல்லைக்கோடு கொள்கையில். நாளை எல்லைக்கோட்டை மாற்றினால் பழைய பதிவுகளுக்கும் தீர்ப்பு புதிதாகக் கணக்காகும்.

கண்டவற்றுக்கு வருவோம்.

    வகை கண்டது
        பாதை           : பைட்டுகள்
        உட்பாதை        : ஆர்கைவுக்குள் இருந்தால்
        எஸ்எச்ஏ_256    : 32 பைட்டுகள்
        அளவு, மாறிய_நேரம்
        தந்த_பெயர்      : ஸ்கேனர் சொன்னபடியே

பாதையைச் சரமாக இல்லாமல் பைட்டுகளாக வைத்திருப்பது பிழையல்ல. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரில் சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எந்த பைட்டும் வரலாம், 255 பைட்டுகள் வரை. அது சரியான யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீடாக இருக்க வேண்டும் என்று கர்னல் கேட்பதில்லை. கோ மொழியின் ஜேசன் நூலகம் செல்லாத பைட்டுகளைக் கண்டால் மாற்றுக்குறி ஒன்றைப் போட்டுவிடும். பிறகு அந்தக் கோப்பைத் தேடி அழிக்கப் போனால் அந்தப் பெயரில் கோப்பே இருக்காது. பைதான் இதற்காகவே 3.1 பதிப்பில் ஒரு வழி செய்தது: செல்லாத பைட்டுகளைத் தனிக் குறியீடுகளாக ஏற்றி, திரும்ப எழுதும்போது பழைய பைட்டாகவே இறக்கிவிடும். ரஸ்டில் இயங்குதளச் சரத்துக்கென்று தனி வகையே உண்டு. ஜேசனில் அனுப்பும்போது பேஸ்64 வடிவில் (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக்கும் முறை) ஒன்று, திரையில் காட்ட இன்னொன்று என்று இரண்டு புலங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று: அந்தப் பாதையை எழுதியவர் உங்களைத் தாக்குபவராக இருக்கலாம். கோப்புப் பெயரில் வரி முறிவு வரலாம், ஸ்கிரிப்ட் டேக் வரலாம், டெர்மினலின் கட்டுப்பாட்டுக் குறிகள் வரலாம். வரிக்கொரு பதிவாக எழுதும் லாகில் ஒரு வரி முறிவு இருந்தால், ‘எதுவும் காணப்படவில்லை’ என்று ஒரு போலி வரியை அவரே நம் லாகில் எழுதிவிட முடியும். பாதுகாப்புக் குழுவின் டாஷ்போர்டு, தாக்குபவரின் எழுத்தை அதிக உரிமையுள்ள ஒருவரின் பிரவுசரில் திறந்துகாட்டும் இடம். இந்தப் புலத்தை எங்கே காட்டினாலும் அயலார் உள்ளீடாகவே நடத்துங்கள். ஆர்கைவின் உட்பாதைக்கும் இது பொருந்தும்.

மால்வேரின் பெயரை ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். ஒரே கோப்புக்கு ஒவ்வொரு ஸ்கேனரும் ஒவ்வொரு பெயர் சொல்லும். 1991இலேயே காரோ என்ற ஆய்வாளர் குழு பொதுப் பெயரிடல் முறை ஒன்றை வகுத்தது; அதன் சாயல் இன்றும் பல நிறுவனங்களின் பெயர்களில் தெரிகிறது, ஆனாலும் பெயர்கள் ஒன்றுபடவில்லை. வந்த பெயரை அப்படியே வையுங்கள். ‘இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே குடும்பம்’ என்பது தனி டேபிளில், திருத்தக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு ஸ்கேனர்கள் ஒரே கோப்பைப் பற்றிப் பேசுகின்றனவா என்று பார்க்க ஹாஷ் போதும்.

ஸ்கேன் ஓய்ந்த பிறகு அதன் பதிவை மாற்றக்கூடாது. பொய் எச்சரிக்கை என்று தெரிந்தால் கண்டதை அழிக்காதீர்கள்; ‘மதிப்பாய்வு’ என்ற தனி டேபிளில் யார், எப்போது, ஏன் அப்படி முடிவு செய்தார் என்று எழுதி, எந்த ஹாஷுக்கு என்று குறியுங்கள். ஹாஷுக்கு, பாதைக்கு அல்ல. பாதையை அனுமதித்தால் அதே பாதையில் நாளை வேறு கோப்பு வந்து உட்காரும். கோப்பைத் தனிமைப்படுத்தியதோ நீக்கியதோகூட இதே போலத் தனி நிகழ்வுகள்தான்.

வெளிச் சேவையின் செய்திகள் ஒன்றுக்கு இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். சேவையின் பெயரும் அதன் ஸ்கேன் எண்ணும் வால்யூம் எண்ணும் சேர்ந்து தனித்துவச் சாவியாக இருந்தால் இரட்டிப்பு தானாக விலகும். ‘முடிந்தது’ வந்த பிறகு தாமதமாக ‘ஓடுகிறது’ வந்தால், நிலை பின்னோக்கிப் போகாதபடி தரவுத்தளத்திலேயே நிபந்தனை போடுங்கள். நிரலில் மட்டும் போட்டால், இன்னொரு சேவை அதே டேபிளில் எழுதத் தொடங்கும் நாளில் அது உடையும். டேபிள்களைப் பொறுத்தவரை, தேடப் பயன்படும் புலங்களைத் தனி நெடுவரிசைகளாகவும் மற்றதை வந்தபடியே ஜேசனாகவும் வைத்தால் போதும். அதிகம் யோசிக்க வேண்டாம்.

சர்வரின் ‘இப்போதைய நிலை’ உங்களுக்கு எப்படியும் வேண்டும், டாஷ்போர்டு அதைத்தான் காட்டும். அதைப் பதிவுகளிலிருந்து கணக்கிடும் வியூவாக (சேமிக்காமல், கேட்கும்போது கணக்காகும் டேபிள்) வையுங்கள். கடைசியாக வந்த பதிவை எடுத்து நிற்காதீர்கள். திங்கட்கிழமை தொற்று கண்டது, செவ்வாய்க்கிழமை ஸ்கேன் தோற்றது என்றால், செவ்வாயின் ‘தெரியாது’ திங்களின் ‘தொற்றை’ மூடிவிடும். ஒரு தொற்று விலகியது என்று சொல்ல, அதற்குப் பிந்தைய டிஸ்க் நேரத்துக்குரிய, போதிய பரப்புள்ள, முடிந்த ஒரு ஸ்கேன் அதே வால்யூமில் அதைக் காணாமல் இருக்க வேண்டும். அந்த ஸ்கேன் அதே ஸ்கேனராலோ, அந்த ஹாஷைக் கண்டறியும் என்று தெரிந்த வேறொன்றாலோ நடந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவது ஸ்கேனர் வருகிறது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: முதலாவது கண்டதை இரண்டாவதின் மௌனம் ரத்து செய்யக்கூடாது.

சோதிக்க ஈக்கர் கோப்பைப் பயன்படுத்துங்கள். 68 பைட்டுகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத எழுத்துவரிசை அது. ஸ்கேனர்கள் அதை மால்வேர் போலவே காட்ட வேண்டும் என்பது பொது உடன்பாடு. அதை வெறுமனே ஒரு டைரக்டரியில் போட்டு, சிக்கியது என்று திருப்தி அடையாதீர்கள். கடவுச்சொல் போட்ட ஆர்கைவுக்குள் வைத்துப் பாருங்கள், அளவு வரம்பைத் தாண்டும் ஆர்கைவுக்குள் வைத்துப் பாருங்கள், செல்லாத யுடிஎஃப்-8 பெயர் கொடுத்துப் பாருங்கள், அது சிக்கிய மறுநொடி ஸ்கேனரைக் கொன்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் பதிவு ‘தொற்று’ அல்லது ‘தெரியாது’ என்று வர வேண்டும். ஏதாவது ஒன்றில் ‘காணப்படவில்லை’ என்று வந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது.

மிஞ்சியது உங்கள் பழைய தரவு. ‘ஆம்’ என்று இருக்கும் பூலியன்களைத் ‘தொற்று’ என்றே கொண்டுவரலாம், விவரம் இல்லாத ஒரு கண்டதாக. ‘இல்லை’ என்று இருப்பவற்றைப் புதிய டேபிளுக்குக் கொண்டுவரும்போது ‘காணப்படவில்லை’ என்று மாற்றாதீர்கள்; அவற்றில் எது பார்த்துச் சொன்னது, எது யாரும் எழுதாமல் விட்டது என்று பிரிக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் ‘தெரியாது’ என்று போடுங்கள். புதிய டாஷ்போர்டு முதல் நாள் கிட்டத்தட்ட முழுவதும் சாம்பல் நிறத்தில் திறக்கும், கேள்விகள் வரும். மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நேற்று வரைக்கும் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரவு ஸ்கேன்கள் ஒவ்வொன்றாக முடிய முடிய நிறம் மாறும். ஒரு வாரம் கழித்தும் சாம்பலாகவே நிற்கும் சர்வர்களின் பட்டியலை எடுத்து, முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.